ராமநாதபுரம் கடலோரத்தில் தினசரி ஓட்டத்துக்கு ரோடு பைக் சக்கரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் ரோடு பைக் வாங்கியவர்கள், ஒரு வருடம் ஓட்டியதும் கேட்பது பெரும்பாலும் சக்கரத்தைப் பற்றித்தான். வீடியோக்களில் கிடைக்கிற ஆலோசனை மலை ஏறுகிறவர்களுக்கும் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கும் சொன்னது. நமக்கு மலை கிடையாது. உப்பு, மணல், முள், காற்று நான்கும் தாராளம். வேலைக்குப் போக, காலையில் ஒரு சுற்றுப் போய்வர என்று தினமும் ஓட்டுகிறவர்களுக்காக, திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன்.

வண்டியோட வந்த சக்கரமே நல்லாத்தான் சுத்துது. அதை ஏன் மாத்தணும்?

மாற்ற வேண்டாம். சக்கரம் நேராகச் சுற்றுகிறது, பிடித்து ஆட்டினால் அச்சில் ஆட்டம் இல்லை, பிரேக் பிடிக்கிற இடம் தேயவில்லை என்றால் அந்தக் காசை டயரில் போடுங்கள். ஓட்டத்தில் வித்தியாசம் அன்றைக்கே தெரிவது டயரில்தான்.

போக்ஸ் கம்பி அடிக்கடி உடைய ஆரம்பித்தாலோ, கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள் இறுகிப்போய் கோட்டம் எடுக்கவே முடியவில்லை என்றாலோ, ரிம்மின் பக்கச் சுவர் குழிந்துவிட்டாலோ மாற்றலாம். கட்டை ரிம்மையே பிடிக்கிற ரிம் பிரேக்குக்கான பல ரிம்களில் தேய்மானம் பார்க்க ஒரு சிறு குழியோ மெல்லிய கோடோ வைத்திருப்பார்கள். அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது. மேலும் ஓட்டினால் ஒருநாள் காற்றழுத்தத்திலேயே சுவர் பிளந்துகொள்ளும்.

தனுஷ்கோடிக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இந்த நாள் சீக்கிரம் வரும். 2017-ல் திறந்த முகுந்தராயர் சத்திரம் – அரிச்சல்முனை சாலையில் காற்றடிக்கும் மாதங்களில் மணல் ஏறிக் கிடக்கும். அது பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டால் கட்டை உப்புத்தாளாகி ரிம்மைத் தின்னும். பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்டால், வீட்டுக்கு வந்ததும் கட்டையில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துகளையும் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

700சி, 700சின்னு சொல்றாங்க. என் வண்டிக்குச் சேருமான்னு எப்படிப் பாக்குறது?

700சி என்பது பெயர்தான். டயர் ஓரத்தில் 28-622 என்பது மாதிரி ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம். 622 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ரோடு பைக் பெரும்பாலும் இன்றைக்கு 622தான். வீட்டில் கிடக்கும் 28 இஞ்ச் பழைய சைக்கிளின் ரிம் 635. பார்க்க ஒரே அளவு மாதிரி இருந்தாலும் ஒன்றின் டயர் மற்றதில் சேராது.

அடுத்து, சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் ஹப்பின் அகலம். ரிம் பிரேக் வண்டி என்றால் முன்னால் 100, பின்னால் 130 மி.மீ. டிஸ்க் வண்டியில் பின்னால் சாதா அச்சு என்றால் 135, தடித்த த்ரூ ஆக்சில் என்றால் 142. டிஸ்க் தட்டு ஆறு திருகில் பிடிக்கிறதா, நடுவில் ஒரே பூட்டாகப் பிடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் பொருந்தாமல் வாங்கிவிட்டால் பெரும்பாலும் கடைக்காரரால் சரிசெய்து தர முடியாது.

அண்ணே, வெயிட் கம்மியான சக்கரம் போட்டா ஸ்பீடு கூடுமாண்ணே?

நம்ம ஊரில் கூடாது தம்பி. நீங்களும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். காசைக் கொட்டி 400 கிராம் குறைத்தால் அது மொத்தத்தில் அரை சதவீதம். மலை ஏறும்போது அந்த அரை சதவீதம் உதவும். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை தரை தட்டையாகக் கிடக்கிறது. ஏற்றம் என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தையும் பாம்பன் பாலத்தையும் விட்டால் என்ன இருக்கிறது?

‘சுற்றுகிற எடை இரண்டு மடங்கு’ என்று சொல்வார்கள். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும் சில நொடிகளுக்கு ரிம் ஓரத்து எடை ஏறக்குறைய அப்படித்தான். ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அதற்கு வேலையே இல்லை. சமதரையில் உங்களோடு மல்லுக்கட்டுவது எதிர்க்காற்றும் டயரின் உருளல் தடையும்.

அப்ப காத்தைக் கிழிக்கிற மாதிரி உயரமான ரிம் போட்டா? 50 மி.மீ. ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்.

எதிர்க்காற்றில் ஆதாயம் உண்டு, உண்மைதான். ஆனால் நம் காற்று எதிரே மட்டும் வருவதில்லை. மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறக்குறைய கிழக்கே போகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் உங்கள் வலது தோளில் வந்து மோதும். மார்கழி, தையில் வாடை இடது பக்கம். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் சைக்கிளுக்கு சிக்னல் கிடையாது. நாம்தான் பார்த்துப் போக வேண்டும்.

இதில் ஆபத்து முன்சக்கரத்தில்தான். உயர ரிம்மில் பக்கக்காற்று பட்டால் ஹேண்டில்பாரையே திருப்பிவிடும். பஸ் ஒன்று உங்களைத் தாண்டும்போது சில நொடி காற்று மறைந்து, பஸ் போனதும் மொத்தமாக வந்து அறையும். அந்த நேரத்தில் 50 மி.மீ. முன் ரிம்மோடு பாலத்தின் நடுவில் இருக்கக்கூடாது. தினசரி ஓட்டத்துக்கு முன்னால் 25 முதல் 30 மி.மீ. உயரம் போதும். ஆசை விடவில்லை என்றால் பின்னால் மட்டும் 40 போட்டுக்கொள்ளுங்கள்.

காக்கா, கார்பன் சக்கரம் துருப்பிடிக்காதுல்ல? கடலோரத்துக்கு அதுதானே சரி?

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கார்பன் துருப்பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் தன்னைத் தொட்டிருக்கிற அலுமினியத்தை அரிக்க வைக்கும். உப்புநீர் நடுவில் இருந்தால் கார்பனும் அலுமினியமும் ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். எடை குறைக்கிறேன் என்று பல கார்பன் சக்கரங்களில் அலுமினிய நிப்பிள் போடுகிறார்கள். நிப்பிள் ரிம்முக்குள்ளேயே மறைந்திருக்கிற வகை என்றால் அரிப்பது கண்ணுக்கே தெரியாது, உடையும்போதுதான் தெரியும்.

டிஸ்க் பிரேக், பித்தளை நிப்பிள், நிப்பிள் வெளியே தெரிகிற ரிம் என்று மூன்றும் அமைந்தால் கார்பன் வாங்குவதில் தவறில்லை. ரிம் பிரேக் வண்டிக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். மேலே சொன்ன மணல் கார்பன் சுவரைக் கீறும். ஐப்பசி மழையில் பிரேக்கும் லேட்டாகத்தான் பிடிக்கும். கார்பனில் விரிசல் விட்டால் பக்கத்தில் சரிபார்க்கக்கூட ஆள் கிடையாது.

உப்புக்காத்துல முதல்ல போறது எது?

ரிம் கடைசியில்தான் போகும். முதலில் போவது சின்னச் சாமான்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும் முலாம் பூசிய போக்ஸ் கம்பி ஒரு மழைக்காலத்திலேயே செம்புள்ளி போட்டுவிடும். பளபளப்பான ஸ்டெயின்லெஸ் கம்பி கேட்டு வாங்குங்கள். அதிலும் லேசான பழுப்புக் கறை படியும். துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது நிப்பிள். அலுமினிய நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கொஞ்ச நாளில் அது கம்பியோடு ஒட்டிப்போகும். சாவி போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும், இல்லையென்றால் டக்கென்று உடையும். பித்தளை நிப்பிளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எடை கூடுமே என்பார்கள்: இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 50 கிராம் கூட வராது. புதுச் சக்கரம் வாங்கும்போது முதல் கேள்வியே ‘நிப்பிள் பித்தளையா?’ என்பதாக இருக்கட்டும். கோக்கும்போது கம்பி மரையில் ஒரு பொட்டு கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

கழுவுவதிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு அப்படியே நிற்கும். குடத்துத் தண்ணீரை எடுத்தால் வீட்டில் திட்டு விழும், நியாயம்தான். அரை வாளி போதும்: துணியை நனைத்துப் பிழிந்து ரிம், கம்பி, ஹப் என்று துடைத்துவிட்டுக் காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் ஜெட்டை ஹப் பக்கம் காட்டவே கூடாது. அது தண்ணீரை பேரிங்குக்குள் ஏற்றிவிடும்.

சீல்டு பேரிங் நல்லதா, பழைய மாதிரி கப்பு-கோனு நல்லதா?

கடலோரத்துக்கு சீல்டு. ரப்பர் மூடி போட்டு வருவதால் உப்பும் மணலும் சுலபமாக உள்ளே போகாது. போனாலும் பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதுசு போட்டுவிடலாம், ஹப்புக்குச் சேதம் இல்லை. பேரிங் முகத்தில் எண் அடித்திருக்கும். உதாரணமாக 6902 2ஆர்எஸ் என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, தடிப்பு 7 மி.மீ., இரு பக்கமும் ரப்பர் மூடி. அந்த எண்ணைச் சொன்னால் மதுரையில் பேரிங் கடையில் கிடைக்கும். சைக்கிள் கடைக்கு அலைய வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன்பே உங்கள் ஹப்பில் என்ன எண் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கப்புக்கும் கோனுக்கும் நடுவில் பால்ஸ் உருளும் கப்பு-கோன் மட்டமானது இல்லை. நம்ம ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார், பால்ஸும் எங்கும் கிடைக்கும். ஆனால் மழை முடிந்ததும் ஒருமுறை, காற்றுக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்து கிரீஸ் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் கப்பில் குழி விழும். ஹப்போடு சேர்ந்த கப்பை மாற்ற முடியாது, ஹப்பையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

என் எடை 92 கிலோ. போக்ஸ் எத்தனை இருக்கணும்?

பின்னால் 32, முன்னால் 28 அல்லது 32. எழுபது கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு 28-ம் 24-ம் போதும். 20 கம்பி சக்கரங்கள் பார்க்க அழகாக இருக்கும். ஒரு கம்பி உடைந்தால் ரிம் அப்படியே கோணிக்கொண்டு பிரேக்கிலோ ஃபிரேமிலோ உரசும். 32 கம்பியில் ஒன்று போனாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம். பாம்பன் பாலத்து இணைப்பு இரும்புகளில் தடதடவென்று ஏறி இறங்கும்போது அந்தக் கூடுதல் கம்பிகளின் அருமை தெரியும்.

தலைப்பக்கம் வளைந்த சாதாக் கம்பியாகவே பாருங்கள். நேர்க்கம்பி வைத்த சக்கரத்துக்கு அதே நீளத்தில் மாற்றுக் கம்பி நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். எந்தச் சக்கரம் வாங்கினாலும், கம்பி நீளத்தைக் கேட்டு ஒவ்வொரு நீளத்திலும் இரண்டிரண்டு உபரியாக வாங்கி வையுங்கள். பெரும்பாலும் உடைவது பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி. அதை மாற்ற பல்சக்கரக் கேசட்டைக் கழற்ற வேண்டும், அந்தக் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது. அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கருவேல முள்ளுக்கு என்ன சார் பண்றது? வாரம் ஒரு பஞ்சர்!

இது சக்கரத்தை விட டயர் விஷயம், ஆனால் சக்கரம் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியது. சீமைக்கருவேலம் இல்லாத சாலை இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப்போகும் வண்டிகள் வழியெல்லாம் முள்ளை உதிர்த்துக்கொண்டு போகும். சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டுக்கு வெளியே சக்கரத்தை இறக்காமல் இருந்தாலே பாதி பஞ்சர் குறையும்.

டயர் 28 மி.மீ.க்குக் குறையாமல், நடுவில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாக எடுங்கள். கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், ஷ்வால்பே மாரத்தான் மாதிரி வகைகள் கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். ஆபீசுக்கு நேரத்தில் போய்ச் சேருவது முக்கியம் என்றால் அந்த மந்தம் பரவாயில்லை.

பஞ்சர் ஒட்டிய மறுநாளே அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆனால், முள் முனை டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது. வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். விரலால் தடவினால் விரலில் ஏறும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க இழுத்துப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நிற்கும். ஊக்கால் வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள்.

அப்ப ட்யூப்லெஸ் போட்டுட்டா தொல்லை விட்டுதுல்ல?

பாதி விட்டது. உள்ளே ஊற்றும் சீலன்ட் கருவேல முள் மாதிரி சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும். பல சமயம் முள் ஏறியதே தெரியாது. மீதிப் பாதி, நம் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துபோகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ட்யூப்பிலேயே இருங்கள்.

சக்கரம் ட்யூப்லெஸ்ஸுக்குத் தகுந்தது என்று எழுதியிருந்தால், அதில் கொக்கி, அதாவது டயர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள ரிம் விளிம்பில் உள்பக்கம் வளைந்த மடிப்பு, இருக்கிறதா என்றும் கேளுங்கள். கொக்கியில்லாத ரிம்மில் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடிக்கக் கூடாது. ரிம் கம்பெனி ஒப்புக்கொண்ட ட்யூப்லெஸ் டயர் மட்டுமே போடலாம். டயர் கிழிந்தால் கிடைத்ததைப் போட்டு ஓட்டுகிற நம் நிலைமைக்குக் கொக்கி வைத்த ரிம்தான் தோது.

ரிம்முல 19-ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 21. எது எடுக்கிறது?

அது உள்ளகலம். 28 டயருக்கு 19 சரியாக உட்காரும். 21-ல் அதே டயர் இன்னும் கொஞ்சம் அகன்று நிற்கும்; 30, 32 டயருக்கு அது நல்லது. முதலில் உங்கள் ஃபிரேமிலும் பிரேக்கிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பழைய ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் 25-க்கு மேல் போனால் பிரேக்கின் வளைவில் முட்டும். உரசாவிட்டாலும் இடுக்கில் மணல் சேர்ந்து டயரைத் தேய்க்கும், ஆகவே சுற்றிலும் 4 மி.மீ.யாவது இடைவெளி விடுங்கள்.

வெயில்ல நிறுத்தினா டயர் வெடிச்சிடும்னு காத்தைக் கம்மியா அடிக்கிறேன். சரியா?

தேவையில்லை. காலையில் 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர் வெயிலில் 55 டிகிரி வரை சூடானாலும் 90-ஐ ஒட்டித்தான் போகும். நல்ல டயரும் கொக்கி ரிம்மும் அதைத் தாங்கும். ட்யூப்லெஸ் பதிலில் சொன்ன கொக்கியில்லாத ரிம்முக்கு மட்டும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக் குறைவாக அடியுங்கள்.

70 கிலோ ஆள், 28 டயர், ட்யூப் என்றால் பின்னால் 75, முன்னால் 70-ல் தொடங்கிப் பார்க்கலாம். 32 டயருக்கு 60-ம் 55-ம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால், பெட்ரோல் பங்கில் காற்றடிக்க உதவும் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள். ரிம்மில் வால்வு ஓட்டை 6.5 மி.மீ. என்றால் மோட்டார் சைக்கிள் மாதிரி தடித்த வால்வு ட்யூப் நுழையாது, அதற்கு 8.5 வேண்டும். ட்ரில் போட்டுப் பெரிசாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

என்னுது 8 ஸ்பீடு. ஆன்லைன்ல வர்றதெல்லாம் 11 ஸ்பீடு சக்கரமா இருக்கே?

உங்களுடையது கேசட்டா, மரை போட்டுத் திருகுகிற ஃப்ரீவீலா என்று முதலில் பாருங்கள். ஷிமானோ வகை கேசட் என்றால் கவலையில்லை. கேசட் ஏறும் 11 ஸ்பீடு ஹப் உடல் 1.85 மி.மீ. கூடுதல் நீளம், அதே தடிப்பில் ஒரு வளையத்தை உள்ளே போட்டுவிட்டு 8, 9, 10 எதையும் ஏற்றலாம். சில 10 ஸ்பீடு கேசட்டுக்கு இன்னொரு 1 மி.மீ. வளையமும் வேண்டும். வளையத்தை மறந்தால் கேசட் லொடலொடவென்று ஆடும்.

ஃப்ரீவீல் என்றால் அது இந்தச் சக்கரத்தில் ஏறாது. கேசட் தனியாக வாங்க வேண்டும். 7 ஸ்பீடு வண்டிகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கிறது.

கடைக்காரர் கோட்டம் எடுக்கத் தெரியும்ங்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

பழைய சைக்கிளில் கை தேர்ந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கண்ணாலேயே பார்த்துக் கோட்டம் எடுப்பார்கள், தாராளமாகக் கொடுக்கலாம். அவர்களிடம் இருக்கும் போக்ஸ் சாவி பெரிய நிப்பிளுக்கானதாக இருந்தால் உங்கள் நிப்பிளின் முனையை மழுக்கிவிடும். சரியான சாவியை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘இறுக்கமா இருந்தா முதல்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டுடுங்கண்ணே’ என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜோடி கிடைக்குது. எதைப் பாத்து வாங்கணும்?

எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். கடலோர வண்டி என்றால் நிப்பிளைச் சுற்றி வெள்ளைப் பொடியைத் தேடுங்கள். ஒரு நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். திரும்பவில்லை என்றால் கிளம்பி வந்துவிடலாம். ரிம்மில் கம்பி நுழையும் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பின்சக்கரத்தின் செயின் பக்கம். அச்சை விரலால் சுழற்றினால் நறநறப்பு இருக்கக்கூடாது. இருந்து, அது சீல்டு ஹப் என்றால், பேரிங் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

காசு ஒரு சக்கரத்துக்குத்தான் இருக்கு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வேற வேறயா போடலாமா?

தாராளமாக. பார்க்க ஜோடியாக இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. பின்சக்கரத்தை முதலில் மாற்றுங்கள். எடையில் பெரும்பங்கைச் சுமப்பதும், செயின் இழுப்பைத் தாங்குவதும், கம்பி உடைவதும் அங்கேதான். டிஸ்க் வண்டி என்றால் தட்டு பிடிக்கும் முறை இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி பாருங்கள். இல்லையென்றால் இரண்டு விதத் தட்டும் இரண்டு விதக் கருவியும் வாங்க நேரிடும்.